மஞ்சளுக்குள் 20 ஹைட்ரஜன்: என்.எம்.ஆர். நிறமாலையைப் படிப்பது எப்படி

மஞ்சள் கிழங்கின் நிறத்துக்குக் காரணமான பொருளை ஃபோகல், பெல்லெத்தியே என்ற இருவர் 1815-இல் பிரித்தெடுத்தார்கள். குர்குமின் என்று அதற்குப் பெயர். அதில் எந்தக் கார்பனோடு எந்தக் கார்பன் சேர்ந்திருக்கிறது, ஆக்சிஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எழுதிக் காட்டியவர்கள் மிலோபெண்ட்ஸ்கா, கோஸ்டனெட்ஸ்கி, லாம்பே. ஆண்டு 1910. இடையில் ஓடிப்போனது 95 ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஒரு மூலக்கூறின் அமைப்பைத் தெரிந்துகொள்ள அதை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உடைந்து வரும் துண்டுகளை அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து மறுபடி கட்டி எழுப்பி, இயற்கையில் கிடைத்ததும் ஆய்வகத்தில் செய்ததும் ஒன்றுதானா என்று உருகுநிலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பொருளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இன்று ஒரு முதுகலை மாணவர் 10 மில்லிகிராம் குர்குமினை அரை மில்லி கரைப்பானில் கரைத்து, பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, என்.எம்.ஆர். கருவிக்குள் இறக்குகிறார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் புரோட்டான் நிறமாலை, அதாவது ஹைட்ரஜன்களின் சிக்னல்களைக் காட்டும் வரைபடம், தயார். பொருளுக்கு ஒரு சேதமும் இல்லை, குழாயிலிருந்து ஊற்றி மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் தாளை வாங்கிப் பார்க்கிற பலர் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வரிசையாகச் சில பீக்குகள், கீழே எண்கள். பாடப்புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: இந்த எண் வந்தால் ஆல்டிஹைடு, இந்த எண் வந்தால் பென்சீன் வளையம். அதை மனப்பாடம் செய்வதுதான் என்.எம்.ஆர். என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்த எண் ஒவ்வொன்றும், தன்னைச் சுற்றி எலக்ட்ரான் எவ்வளவு இருக்கிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு ஹைட்ரஜன் நமக்குத் தரும் வாக்குமூலம். அதைக் கேட்கத் தெரிந்துவிட்டால் அட்டவணை தானாக மனதில் நின்றுவிடும்.

முதலில் பெயரைப் பார்க்கலாம். அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்பது தமிழ்ப் பெயர். சில அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தம் போல நடந்துகொள்கின்றன. ஸ்பின் என்ற பண்பு அதற்குக் காரணம். ஹைட்ரஜனின் கரு, அதாவது ஒற்றைப் புரோட்டான், இப்படிப்பட்ட காந்தம்தான். கார்பனிலோ சாதாரண கார்பன்-12-க்கு ஸ்பின் கிடையாது, அது இந்தக் கருவியின் காதில் விழவே விழாது. ஆக்சிஜன்-16-ம் அப்படியே. கரிம வேதியியலின் முதுகெலும்பான கார்பனே ஊமையாக இருப்பது ஒரு பெரிய குறைதான். நல்லவேளையாக இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதம் கார்பன்-13. அதற்கு ஸ்பின் உண்டு, அதனால் பேசும்.

இந்தக் குட்டிக் காந்தங்களை வெளியே எடுத்து வைத்தால் கண்டபடி திசைக்கொன்றாக நிற்கும். வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்தால், புரோட்டானுக்கு இரண்டே நிலைதான்: புலத்தோடு ஒத்த நிலை, புலத்துக்கு எதிர்நிலை. இரண்டுக்கும் இடையில் சின்ன ஆற்றல் இடைவெளி. அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ரேடியோ அலையைக் கொடுத்தால் புரோட்டான் அதை வாங்கிக்கொண்டு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும். ஒத்ததிர்வு என்பது இந்தப் பொருத்தம்தான். 9.4 டெஸ்லா காந்தத்தில் புரோட்டானுக்கான அதிர்வெண் சுமார் 400 மெகாஹெர்ட்ஸ். ஆய்வகத்தில் 'நானூறு கருவி' என்று சொல்வது இதைத்தான். அதே காந்தத்தில் கார்பன்-13-க்கு 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வரும். நாம் கேட்கும் எஃப்.எம். ரேடியோவின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உள்ளேயே அது இருக்கிறது!

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆற்றல் இடைவெளி மிகமிகச் சிறியது. அறை வெப்பமே கருக்களை மேலும் கீழுமாகக் கலைத்துவிடப் போதும். நானூறு கருவியில் 10 லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், கீழ்நிலையில் இருப்பவை மேல்நிலையில் இருப்பவற்றைவிடச் சுமார் 32 மட்டுமே அதிகம். அந்த 32 பேர்தான் நமக்குச் சிக்னல் தருகிறார்கள், மற்றவர்கள் ஒருவரை ஒருவர் ரத்து செய்துவிடுகிறார்கள். மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரு துளியின் துளி போதும், என்.எம்.ஆருக்கு மட்டும் மில்லிகிராம் கணக்கில் கேட்கிறார்களே ஏன் என்றால், இதுதான் பதில். காந்தத்தை மேலும் மேலும் வலுவாக்க உலகமே ஓடுவதற்கும் ஒரு காரணம் இதுவே. இன்று 28.2 டெஸ்லா, 1.2 கிகாஹெர்ட்ஸ் வரை கருவிகள் வந்துவிட்டன.

கருவி என்று கண்ணில் படுவது ஆள் உயரத்துக்கு நிற்கும் ஓர் எவர்சில்வர் தொட்டி. தெர்மாஸ் குடுவைக்குள் இன்னொரு தெர்மாஸ் குடுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்குடுவையில் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். உள்ளே மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம், அதில் மூழ்கியபடி மீக்கடத்திக் கம்பிச் சுருள். ஒருமுறை மின்சாரத்தை ஏற்றிவிட்டால் அது தடையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் அணையாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் போகக்கூடாது என்ற பலகை எப்போதும் அங்கே தொங்குவது அதனால்தான்.

சரி, எல்லாப் புரோட்டானும் ஒரே மாதிரிக் காந்தம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே அதிர்வெண் வர வேண்டுமே? இயற்பியலாளர்கள் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 1945-இன் கடைசியில் ஹார்வர்டில் பர்செல் குழு பாரஃபின் மெழுகிலும், அடுத்த மாதமே ஸ்டான்ஃபோர்டில் பிளாக் குழு தண்ணீரிலும் இந்த ஒத்ததிர்வைப் பிடித்தன. இருவருக்கும் 1952-இல் இயற்பியல் நோபல். அவர்களுக்கு வேண்டியது கருவின் காந்த வலிமையைத் துல்லியமாக அளப்பது. 1950-இல் ஸ்டான்ஃபோர்டில் பிராக்டரும் யூவும் அம்மோனியம் நைட்ரேட்டை வைத்து நைட்ரஜன் கருவை அளந்தபோது, ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் வந்தன. அம்மோனியத்தின் நைட்ரஜன் ஒன்று, நைட்ரேட்டின் நைட்ரஜன் ஒன்று. கருவை அளக்கப் போனவர்களுக்கு இது இடைஞ்சல். வேதியியலாளர்களுக்கோ இதைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது. வேதி இடப்பெயர்ச்சி என்று நாம் சொல்வதன் பிறப்பு இங்கேதான்.

அடுத்த ஆண்டு, 1951-இல், அதே ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பக்கார்டு மூவரும் எத்தனாலின் புரோட்டான் நிறமாலையை வெளியிட்டார்கள். மூன்று மேடுகள், பரப்பளவு 1:2:3. ஆக்சிஜனோடு சேர்ந்த, ஹைட்ராக்சிலின் ஒரு ஹைட்ரஜன், நடுவிலுள்ள கார்பனின் இரண்டு, கடைசிக் கார்பனான மெத்திலின் மூன்று. ஒரு மூலக்கூறு தன் அமைப்பைத் தானே எண்ணிக் காட்டிய படம் அது. அந்தத் தர்மட்டி நம் நாட்டவர். பிறகு மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பி அங்கே என்.எம்.ஆர். ஆய்வைத் தொடங்கி வைத்தவர். இந்தியப் பாடப்புத்தகங்களில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வர வேண்டிய பெயர்.

எத்தனாலில் ஒரே பீக் வராமல் ஏன் மூன்றாகப் பிரிந்தது? கரு தனியாக இல்லை, அதைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வெளிக் காந்தப்புலம் பட்டதும் எலக்ட்ரான்கள் சுழன்று, அந்தப் புலத்துக்கு எதிராக ஒரு சிறு புலத்தை உண்டாக்குகின்றன. குடை பிடித்த மாதிரிதான். குடை பெரிதாக இருந்தால் கருவுக்குக் கிடைக்கும் புலம் குறையும், அதன் அதிர்வெண்ணும் குறையும். மெத்தில் ஹைட்ரஜனுக்குக் குடை பெரிது. ஆக்சிஜனுக்கு அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனிடமிருந்து ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால் அதன் குடை சிறுத்துவிடுகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா? 400 மெகாஹெர்ட்ஸில் சில நூறு ஹெர்ட்ஸ். பத்து லட்சத்தில் சில பங்கு. அதனால் பி.பி.எம். என்ற அலகில் சொல்கிறோம். ஹெர்ட்ஸிலேயே சொன்னால் 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஓர் எண், 400-இல் வேறு எண் என்று குழப்பம் வரும். பி.பி.எம்.மில் சொன்னால் எந்தக் கருவியிலும் ஒரே எண். பூஜ்யம் எங்கே வைப்பது? அதற்கு டெட்ராமெத்தில்சிலேன் என்ற பொருளை 1958-இல் டியர்ஸ் முன்மொழிந்தார். அதன் 12 ஹைட்ரஜன்களும் ஒரே மாதிரி, ஆகவே ஒரே கூர்மையான பீக். சிலிக்கான் எலக்ட்ரானைத் தள்ளிவிடுவதால் பெரும்பாலான கரிமப் பொருள்களின் பீக்குகளுக்கு வலப்புறம் ஒதுங்கி நிற்கும் (நிறமாலையில் எண்கள் வலமிருந்து இடமாகக் கூடும்). 27 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடும். நல்ல தேர்வு.

அட்டவணையை இப்போது பார்த்தால் காரணத்தோடு புரியும். சாதாரண மெத்தில் 0.9-இல் வரும். கார்பனைல், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன், பக்கத்தில் இருந்தால் 2.1-ஐ ஒட்டி நகரும். ஆக்சிஜனோடு நேராக ஒட்டிய மெத்தில் 3.3 முதல் 3.9 வரை. இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜன் 5, 6. பென்சீன் வளையம் 7-ஐச் சுற்றி. ஆல்டிஹைடு 9-க்கும் 10-க்கும் நடுவே. கார்பாக்சிலிக் அமிலம் அதற்கும் இடப்பக்கம்.

இதில் பென்சீன் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பென்சீனில் எலக்ட்ரானை இழுக்கும் ஆக்சிஜன் ஏதும் இல்லை, பிறகு ஏன் 7-க்கு மேல்? வளையத்தின் இரட்டைப் பிணைப்புகளில் உள்ள பை எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வட்டமாக ஓடுகின்றன. அந்த ஓட்டம் உண்டாக்கும் புலம் வளையத்தின் நடுவில் வெளிப்புலத்துக்கு எதிராகவும், வளையத்துக்கு வெளியே அதற்குத் துணையாகவும் இருக்கும். ஹைட்ரஜன்கள் வெளியே நிற்பதால் அவற்றுக்குக் கூடுதல் புலம். இது உண்மையென்றால் வளையத்துக்கு உள்ளே ஹைட்ரஜன் இருந்தால் நேர்மாறாக நடக்க வேண்டும் அல்லவா? நடக்கிறது. 18 கார்பன் கொண்ட பெரிய வளையமான அன்யூலினில் 12 ஹைட்ரஜன் வெளியே, 6 உள்ளே. குளிர வைத்து எடுத்த நிறமாலையில் வெளியே உள்ளவை 9.3-ஐ ஒட்டி, உள்ளே உள்ளவை பூஜ்யத்தையும் தாண்டி மைனஸ் 3-ஐ ஒட்டி! ஒரே மூலக்கூறில் 12 பி.பி.எம். இடைவெளி. இதை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாடத்தில் சொன்ன கதை வெறும் கதையில்லை என்று அன்றுதான் நம்பினேன்.

அப்புறம் இன்டக்ரேஷன். பீக்கின் அடியில் உள்ள பரப்பளவு ஹைட்ரஜன்களின் எண்ணிக்கைக்கு விகிதமாக இருக்கும். எண்ணிக்கை இல்லை, விகிதம் மட்டும். 1:1 என்றால் ஒன்றுக்கு ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றுக்கு மூன்றாகவும் இருக்கலாம்.

பீக்குகள் பிளவுபடுவதுதான் பலரைத் திணறடிக்கும் இடம். எத்தில் அசிட்டேட்டை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் அதன் வாசனை தெரியாதவர் இல்லை. டியூட்டீரிய குளோரோஃபார்மில் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள கரைப்பான்) அதன் நிறமாலை: 2.05-இல் மூன்று ஹைட்ரஜனுக்கு ஒற்றைப் பீக், 4.12-இல் இரண்டு ஹைட்ரஜனுக்கு நான்காகப் பிளந்த பீக், 1.26-இல் மூன்று ஹைட்ரஜனுக்கு மூன்றாகப் பிளந்த பீக். சிங்லெட், குவார்டெட், ட்ரிப்லெட் என்பார்கள். எத்தில் பகுதியின் மெத்திலுக்கு அடுத்த வீட்டில் இரண்டு ஹைட்ரஜன்கள். அவை இரண்டும் காந்தம்தானே. இரண்டும் மேலே பார்க்கலாம், ஒன்று மேலே ஒன்று கீழே பார்க்கலாம், அதுவே மாறியும் பார்க்கலாம், இரண்டும் கீழே பார்க்கலாம். நடுவிலுள்ள இரண்டு வகையும் ஒரே விளைவைத் தருவதால் மெத்தில் உணரும் புலம் மூன்று விதம், உயரம் 1:2:1. மறுபுறம், அந்த இரண்டு ஹைட்ரஜன்களுக்கு அடுத்த வீட்டில் மூன்று பேர். எட்டு வகைச் சேர்க்கை, அதில் நான்கு தனித்தனி விளைவு, 1:3:3:1. பக்கத்தில் எத்தனை ஹைட்ரஜனோ அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை கோடு என்பது தெரிந்துவிடும். அசிட்டைல் மெத்திலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜனே இல்லை, அதனால் பிளவும் இல்லை.

கோடுகளுக்கு இடையிலான தூரம் கப்ளிங் கான்ஸ்டன்ட். எத்தில் அசிட்டேட்டில் ட்ரிப்லெட்டிலும் குவார்டெட்டிலும் அது சுமார் 7.1 ஹெர்ட்ஸ். இரண்டிலும் ஒரே எண் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் இது இருவருக்கும் இடையிலான பேச்சு. இதை ஹெர்ட்ஸில்தான் சொல்வோம், பி.பி.எம்.மில் இல்லை, காரணம் வெளிக் காந்தம் மாறினாலும் இது மாறாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு இருந்தால் அது இரண்டாகப் பிளந்த ஒரே பீக்கா (டப்லெட்), இல்லை இரண்டு தனி சிங்லெட்டா என்று சந்தேகம் வந்தால், வேறொரு காந்தத்தில் எடுத்துப் பாருங்கள். ஹெர்ட்ஸ் இடைவெளி அப்படியே இருந்தால் டப்லெட், காந்தத்தோடு சேர்ந்து விரிந்தால் இரண்டு வேறு ஹைட்ரஜன்கள்.

இந்த எண்ணில்தான் மூலக்கூறின் வடிவமே ஒளிந்திருக்கிறது. இரட்டைப் பிணைப்பில் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் இருந்தால் 10 ஹெர்ட்ஸை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் 16-ஐ ஒட்டி. பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்த ஹைட்ரஜன்களுக்கு 8, ஒன்று விட்டு ஒன்றுக்கு 2.

எத்தில் அசிட்டேட் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய வலி. ஒருமுறை ஒரு எத்தில் எஸ்டரைத் தயாரித்து, சிலிக்கா ஜெல்லில் பிரித்தெடுத்து, காய வைத்து, நிறமாலை எடுத்தேன். 4.1-இல் அழகான குவார்டெட், 1.26-இல் ட்ரிப்லெட். எஸ்டர் வந்துவிட்டது என்று எழுதி வைத்து அடுத்த வினைக்கே போய்விட்டேன். இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் 2.05-இல் ஒரு சிங்லெட் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்தது என் பொருளை அல்ல, பிரித்தெடுக்க ஊற்றிய எத்தில் அசிட்டேட்டின் மிச்சத்தை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: நான் எதிர்பார்க்கும் பீக்குகளை முதலில் தேடுவதில்லை. கரைப்பானின் பீக் எது, தண்ணீர் எது, கிரீஸ் எது என்று முதலில் குறித்துத் தள்ளிவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொரு பீக்குக்கும் கணக்கு கேட்கிறேன். டியூட்டீரிய குளோரோஃபார்மில் மிச்சமிருக்கும் சாதாரண குளோரோஃபார்ம் 7.26-இல், தண்ணீர் 1.56-இல், அசிட்டோன் 2.17-இல். இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்வதில் தப்பில்லை.

டியூட்டீரியம் எதற்கு? கரைப்பானில் ஹைட்ரஜன் இருந்தால் அதன் பீக் மலை போல நின்று மற்றதை மூழ்கடித்துவிடும். டியூட்டீரியத்துக்கும் ஸ்பின் உண்டு, ஆனால் வேறு அதிர்வெண்ணில், எட்டாத தூரத்தில். அதே டியூட்டீரியத்தின் சிக்னலைப் பிடித்துக்கொண்டுதான் கருவி தன் காந்தப்புலம் நகராமல் பார்த்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் 'லாக் போடுவது' என்பார்கள். பிறகு 'ஷிம் பண்ணுவது': குழாயின் உயரம் முழுக்கப் புலம் ஒரே சீராக இருக்கும்படி சரிசெய்வது. ஷிம் சரியில்லை என்றால் பீக்குகள் எல்லாம் சேர்ந்தாற்போல் காலைப் பரப்பிக்கொண்டு நிற்கும். ஒரே ஒரு பீக் மட்டும் அகலமாக இருந்தால் அது ஷிம் கோளாறு அல்ல, மூலக்கூறு சொல்லும் சேதி. பெரும்பாலும் ஆக்சிஜன் அல்லது நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன். குழாயில் ஒரு சொட்டு கனநீர் (டியூட்டீரியம் உள்ள நீர்) விட்டுக் குலுக்கி மறுபடி எடுத்தால் அந்தப் பீக் மறைந்துவிடும்.

முன்பு அதிர்வெண்களை ஒவ்வொன்றாக மெல்ல மெல்லத் துழாவி எடுத்தார்கள். 1961-இல் வந்த வேரியன் ஏ-60 கருவியால்தான் வேதியியல் ஆய்வகங்களுக்குள் என்.எம்.ஆர். பரவலாக நுழைந்தது, அதுவும் அப்படித் துழாவும் கருவிதான். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கணக்கெடுப்பது போல. 1960-களின் நடுவில் எர்ன்ஸ்டும் ஆண்டர்சனும் வேறு வழி காட்டினார்கள். குறுகிய ரேடியோ துடிப்பு ஒன்றைக் கொடு, ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி எல்லாக் கருக்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். அந்தக் கலவைக் குரலை ஃபூரியர் கணக்கால் பிரித்து எடு. சில வினாடிகளில் ஒரு நிறமாலை என்றால், நூறு முறை எடுத்துக் கூட்டலாம். சிக்னல் கூடிக்கொண்டே போகும், இரைச்சல் அந்த வேகத்தில் கூடாது. நூறு பேரில் ஒருவராக இருக்கும் கார்பன்-13-ஐக் கேட்க முடிந்தது இதனால்தான். எர்ன்ஸ்டுக்கு 1991-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கார்பன் நிறமாலை பார்ப்பதற்குச் சுலபம். 0 முதல் 220 பி.பி.எம். வரை விரிந்து கிடப்பதால் நெரிசல் இல்லை. இரண்டு கார்பன்-13 பக்கத்துப் பக்கத்தில் அமைவது மிக அபூர்வம், அதனால் கார்பனால் பிளவு தெரியாது. ஹைட்ரஜனால் வரும் பிளவைக் கருவியே அடக்கிவிடும். ஒரு வகைக் கார்பனுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் பரப்பளவை நம்பி எண்ணக்கூடாது. ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள் சோம்பேறிகள் போலச் சின்னக் கோடாக நிற்கும்.

இதற்குமேல் இருபரிமாண நிறமாலைகள் இருக்கின்றன. காசி (COSY) என்ற வகை, யார் யாருக்குப் பக்கத்து ஹைட்ரஜன் என்று காட்டும். ஹெச்.எஸ்.கியூ.சி. எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் என்று காட்டும். ஹெச்.எம்.பி.சி. இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியும் பார்க்கும். நோயசி பிணைப்பு வழியாக இல்லாமல் வெளி வழியாகவே, 5 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கி நிற்கும் ஹைட்ரஜன்களைச் சொல்லும். நோயசியைப் புரதங்களுக்குக் கொண்டுவந்த 1980-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் அனில் குமார், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்காரர். எர்ன்ஸ்டோடும் வூத்ரிச்சோடும் சேர்ந்து எழுதியது.

இப்போது குர்குமினுக்கு வருவோம். 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். டியூட்டீரிய குளோரோஃபார்மில் எடுத்த நிறமாலையை இடப்பக்கத்திலிருந்து படிக்காமல், எளிதான இடத்திலிருந்து தொடங்கலாம். 3.95-இல் ஆறு ஹைட்ரஜனுக்கு ஒரு சிங்லெட். ஆக்சிஜனோடு ஒட்டிய மெத்தில் (மெத்தாக்சி), இரண்டு, இரண்டும் ஒன்றுபோல. மூலக்கூறு இரண்டு சம பாதியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இங்கேயே எழ வேண்டும். 7.59-இலும் 6.48-இலும் இரண்டிரண்டு ஹைட்ரஜனுக்கு டப்லெட், இரண்டிலும் 15.8 ஹெர்ட்ஸ். 16-ஐ ஒட்டிய எண். எதிரெதிர்ப் பக்கமாக ஹைட்ரஜன் நிற்கும் இரட்டைப் பிணைப்பு, சந்தேகமே வேண்டாம். ஒன்று ஏன் 7.59 வரை போனது? அதன் கார்பனிலிருந்து கார்பனைல் இரட்டைப் பிணைப்பு வழியாக எலக்ட்ரானை இழுத்துக்கொள்கிறது, குடை கிழிந்துவிட்டது.

வளையத்தில் மூன்று வகை: 7.12-இல் 8.2, 1.8 ஹெர்ட்ஸ் இரண்டும் கொண்டது, 7.05-இல் 1.8 மட்டும், 6.93-இல் 8.2 மட்டும். 7.12-காரருக்கு ஒரு பக்கம் நேரடி அண்டை வீட்டுக்காரர், மறுபக்கம் ஒரு வீடு தள்ளி இன்னொருவர். வளையத்தின் மூன்று இடங்களில் வேறு தொகுதிகள் இருக்கின்றன, ஒன்று தனியாக, இரண்டு சேர்ந்தாற்போல். சேர்ந்திருக்கும் இரண்டில் மெத்தாக்சி எது, ஹைட்ராக்சில் எது? நோயசியில் 3.95-க்கும் 7.05-க்கும் இடையில் புள்ளி விழும், அதாவது இரண்டும் நெருங்கி நிற்கின்றன. 1.8 மட்டும் கொண்ட அந்த ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில்தான் மெத்தாக்சி. கேள்வி தீர்ந்தது. கடையில் வாங்கிய குர்குமின் என்றால் மெத்தாக்சியின் பரப்பளவு ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக வருவதையும் பார்க்கலாம். மஞ்சளில் குர்குமினோடு சேர்ந்தே இருக்கும், ஒரு மெத்தாக்சி குறைந்த பொருளும் இரண்டும் இல்லாத பொருளும் கூடவே வந்திருக்கும்.

மிச்சம் இருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பல புத்தகங்களில் குர்குமினை இரண்டு கீட்டோன் குழுவும் நடுவில் இரண்டு ஹைட்ரஜன் கொண்ட கார்பனுமாக வரைவார்கள். அப்படியென்றால் 4-ஐ ஒட்டி இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு சிங்லெட் வர வேண்டும். குளோரோஃபார்மில் அது வருவதில்லை. பதிலாக 5.80-இல் ஒரே ஒரு ஹைட்ரஜனுக்கு சிங்லெட். காணாமல் போன இன்னொரு ஹைட்ரஜன் எங்கே? நிறமாலையின் இடது எல்லையை 12-இல் நிறுத்தியிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. 16-ஐ ஒட்டி, அகலமாக, இரைச்சலிலிருந்து கொஞ்சமே தலைதூக்கியபடி நிற்கும். இரண்டு ஆக்சிஜன்களுக்கும் நடுவில் ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிய புரோட்டான் அது. கரைசலில் குர்குமின் ஈனால் வடிவத்தில் இருக்கிறது.

ஆனால் ஈனால் என்று வரைந்தால் ஒரு பக்கம் கார்பனைல், மறுபக்கம் ஹைட்ராக்சில் என்று மூலக்கூறு கோணலாகிவிடுகிறதே, இரண்டு மெத்தாக்சியும் எப்படி ஒரே இடத்தில் வருகின்றன? கார்பன் நிறமாலையிலும் 21 கோடுகள் வருவதில்லை, 11-தான் வருகின்றன. என்.எம்.ஆர். வேகமான கேமரா அல்ல. டைமெத்தில்ஃபார்மமைடின் இரண்டு மெத்தில்களும் அறை வெப்பத்தில் தனித்தனியாகத் தெரியும், பிணைப்பு சுழல்வது மெதுவாக இருப்பதால். 120 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் சுழற்சி வேகம் பிடித்து இரண்டும் ஒரே பீக்காகிவிடும். குர்குமினின் அந்தப் புரோட்டான் அறை வெப்பத்திலேயே ஒரு ஆக்சிஜனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி வருகிறது, கருவி கண்ணிமைப்பதற்குள் எத்தனையோ முறை. இடது பாதிக்கும் வலது பாதிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஓட்டத்தில் கரைந்துபோய், 183-இல் இரண்டு கார்பனைல் கார்பன்களுக்கும் சேர்த்து ஒரே கோடு.